பெல்ட்டின் மறுமுனை

காட்டுப் பூங்காவின் வெந்நீர் ஊற்றில் அரிசி முடிச்சை இறக்கி வேகவைத்து, தம்பதியாகச் சாப்பிடுவது அங்கே வழக்கம். சுகந்தியின் கையிலிருந்து கயிறு நழுவி, முடிச்சு நடுப்பாறையில் சிக்கிக்கொண்டது. கணவன் தயாளன் பெல்ட்டை உருவினான். அவள் சட்டென்று இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

“இத்தன பேர் முன்னாடி அடிப்பனாடி? இந்த முனையப் புடி.”

மறுமுனையை, வீட்டில் செய்வதுபோலவே, மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு தடுப்புக்கம்பியைத் தாண்டினான். முடிச்சை எட்டிப் பிடிக்கக் கொதிக்கும் நீருக்கு மேல் சாய்ந்தான். பக்கிள் அவள் உள்ளங்கையில் அழுந்தியது. அவள் முதுகுக்கு நன்றாகத் தெரிந்த பக்கிள்தான். கைக்குத்தான் புதிது.

“கெட்டியாப் புடிச்சிருக்கியா?” அவன் குரல் நடுங்கியது.

“ஊத்து சத்தத்துல காதுல விழலைங்க,” என்றாள் சுகந்தி. “இன்னொருவாட்டி கேளுங்க.”