கோட்டுகளுக்குப் பின்னால்

தையல்கடையில் வரிசையாக மாட்டியிருந்த கோட்டுகளை மகள் இரண்டு கையாலும் விலக்கியபோது, பின்னால் ஒரு கதவு தெரிந்தது.

கமலாட்சிக்கு உள்ளே காலெடுத்து வைக்க மனம் வரவில்லை. காஞ்சிபுரத்தில் விடிவதற்குள் பஸ் ஏறி, பெங்களூர் வந்து, மகளின் அறையில் குளித்து, இருப்பதிலேயே நல்ல பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டது இந்தக் கதவுக்காகத்தான்.

போலீஸ் வராதா என்று கேட்டாள்.

மகள் ஏலவார்குழலி சிரித்தாள். எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் இருக்கிறதாம். இப்படி ஒளித்து வைத்தால்தான் பெரிய பெரிய ஆட்கள் தேடிக்கொண்டு வருவார்களாம்.

உள்ளே மங்கலான வெளிச்சம். சாயங்காலக் கூட்டம் வர இன்னும் நேரமிருந்தது. பானம் ஊற்றித் தரும் நீளமான மர மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க பாட்டில்கள். ஒவ்வொரு தட்டுக்கு அடியிலும் விளக்கு எரிந்தது.

கமலாட்சி ஒரே ஒருமுறை அங்கே பார்த்தாள். பிறகு மேடையின் மரத்தைப் பார்த்தாள். தன் கால்விரல்களைப் பார்த்தாள்.

உடன் வேலை செய்பவர்கள் வந்து வணக்கம் சொன்னார்கள். மகளை ‘ஏலா’ என்று கூப்பிட்டார்கள். ஏகாம்பரநாதர் கோயில் அம்மனின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் அவளுடைய அப்பா பரமசிவம். போன ஆடியில் அவர் போய்விட்டார்.

ஓட்டலில் வேலை என்றுதான் ஏலவார்குழலி இத்தனை வருஷமும் வீட்டில் சொல்லியிருந்தாள். மதுக்கூடம் என்ற உண்மையைச் சொன்னது போன மாதம்தான். இந்த இடத்துக்கு இனி அவள்தான் பொறுப்பு. அவளே கலந்து கண்டுபிடித்த ஒரு பானம் இன்று முதல் இங்கே கிடைக்கும். அதற்குப் ‘பாளையம்’ என்று பெயர் வைத்திருந்தாள், பிறந்து வளர்ந்த பிள்ளையார்பாளையத்தை நினைத்து. அம்மா வந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

அம்மாவோ உட்கார்ந்தாள், எழுந்தாள். பாத்ரூம் எங்கே என்று கேட்டுப் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு மறுபடியும் கேட்டாள். ஏசி குளிரிலும் கழுத்து வியர்த்தது. முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். மேடையின் அந்தக் கோடியில் யாரோ ஒரு பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தார்கள். அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்றைக்கே ஊருக்குத் திரும்ப பஸ் இருக்குமா என்று கேட்டாள்.

மகள் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள். சுக்கு, மிளகு, எலுமிச்சை, கொஞ்சம் தாழம்பூ நீர், ஐஸ். மூடிய குவளையைத் தோளுக்கு மேல் தூக்கிக் குலுக்கினாள். மெல்லிய கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி அம்மாவின் முன்னால் நகர்த்தினாள்.

“உனக்குன்னு சரக்கு ஊத்தாம போட்டேன் மா. ஒரு வாய் குடிச்சுப் பாரு.”

கமலாட்சியின் கை பாதி தூரம் போனது. அங்கேயே நின்றது. அதை இழுத்துத் தொடைக்குக் கீழே வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஏலவார்குழலியின் முகம் சுருங்கிவிட்டது. மற்றவர்கள் காதில் விழாமல் தணிந்த குரலில் பேசினாள். இப்படித்தான் ஆகும் என்று அவளுக்குத் தெரியுமாம். சின்ன வயதில் பந்து உருண்டு விழுந்துவிட்டதென்று தறிக்குழிக்குள் கையை விட்டவள் அவள். வந்தது பந்தில்லை, பாதி காலியான பாட்டில். நெய்துகொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்து, அது என்னுடையது, அங்கேயே வை என்றார். அன்றிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஒரு வேளை சோறு தின்றதில்லை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் வாசல்வரை வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

“அப்பா குடிச்சதையே நெனச்சிக்கினு என்னைப் பாக்காத மா. நான் அவுரு மாதிரி இல்ல. ருசி பாக்க நாக்குல வெப்பேன், துப்பிடுவேன். ஒரு சொட்டு உள்ள போனதில்ல.”

கமலாட்சி முதன்முறையாக நிமிர்ந்தாள்.

இந்த மேடைக்கு இந்தப் பக்கம் எதற்காக வந்து உட்கார்ந்தோம் என்று அவளுக்கே அப்போதுதான் புரிந்தது போலிருந்தது. மெல்ல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“உங்கப்பா ஒரு நாளும் குடிச்சதில்ல மா. அந்த பாட்டில் என்னுது.”



அன்று அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்ததை கமலாட்சி சொன்னாள். பெற்றவளைப் பிள்ளை வெறுக்கக்கூடாது என்று அவர் முந்திக்கொண்டார். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அவளும் விட்டுவிட்டாள். பிறகு அவர் பக்கத்திலேயே இருந்து அந்தப் பழக்கத்தை விடவைத்தார். தெருவில் ஒருவருக்கும் தெரியாது. விட்டு வருஷக்கணக்கில் ஆகிறது, ஆனாலும் இந்த வாசனை பட்டதும் கை தானாகப் போகிறது என்றாள்.

ஏலவார்குழலி கோப்பையை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தாள். குழாயைத் திறந்து வெகுநேரம் கழுவினாள்.

பிறகு மேடையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அம்மாவின் தோளைத் தொடவில்லை. நாற்காலியைப் பிடித்து மெதுவாகத் திருப்பினாள், பாட்டில்கள் முதுகுப் பக்கம் போகும்வரை. தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள்.

கோட்டுகளை விலக்கிக்கொண்டு முதல் ஆட்கள் சிரித்தபடி உள்ளே வந்தார்கள். யாரோ ‘ஏலா’ என்று கூப்பிட்டார்கள்.

பின்னால் ஐஸ் குலுங்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது. அது நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

மகளின் முகம் எப்படி இருக்கிறதென்று பார்க்க வேண்டுமானால், கமலாட்சி பாட்டில்கள் பக்கம் திரும்ப வேண்டும்.