சருகு நூற்ற நூல்

பருத்தியோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு சருகுத் துணுக்குக்குத் தான்தான் நூல் நூற்பதாக நினைப்பு. பஞ்சைச் சுத்தம் செய்ய வில்லால் அடித்தபோது மற்ற சருகெல்லாம் பறந்துபோயின. இது மட்டும் ஒரு சிக்குக்குள் பதுங்கித் தப்பித்தது. தன்னைப் பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று பிறகு அதுவே நம்பியும் விட்டது.

ராட்டை சுற்றத் தொடங்கியதும் பக்கத்து இழையிடம், "என்னைப் பிடித்துக்கொண்டே வா. நீ புதுசு, ஒன்றும் தெரியாது" என்றது.

"கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள். நீங்கள் நடுவில் இருப்பதால் எங்களுக்கு முறுக்கேறவில்லை" என்றது இழை.

"முறுக்கு ஏற்றுவதே நான்தான்" என்றது சருகு.

சொல்லி வாய் மூடுவதற்குள் அந்த இடத்திலேயே நூல் பட்டென்று அறுந்தது. நூற்பவள் சருகை நகத்தால் கிள்ளித் தரையில் போட்டாள்.

கீழே கிடந்த தூசியெல்லாம், "என்ன ஆயிற்று?" என்று விசாரித்தன.

"நான் விலகிக்கொண்டேன். உடனே நூல் அறுந்துவிட்டது, பார்த்தீர்கள் அல்லவா" என்றது சருகு.

தூசியெல்லாம் மரியாதையாக நகர்ந்து இடம் கொடுத்தன.

அதற்குள் அவள் அறுந்த முனையைப் பஞ்சோடு சேர்த்து மறுபடி சுற்றினாள். நூல் முன்னைவிடச் சீராக ஓடியது.

சருகு அண்ணாந்து பார்த்தது.

"பரவாயில்லை. நான் சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லை" என்றது.