நனைந்த சரக்கு

“நான்தான் சார் தண்ணியைத் திறந்து விட்டேன்” என்றார் மேஸ்திரி.

என்ஜினீயர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். ஜன்னலுக்கு வெளியே, மின்நிலையத்தின் புதுக் கிடங்கில், ஒரு கப்பல் சரக்கு மொத்தமும் கூழாகிக் கிடந்தது.

மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்ன உருளைகள் அவை. அங்கே எல்லோருக்கும் ‘பெல்லட்’. நிலக்கரியோடு கலந்து எரித்தால் கரியமில வாயு குறையும் என்று கடல் தாண்டி வரவழைத்தவை. ஈரம் பட்டால் போதும், ஊதிப் பெருத்துப் பொதபொதவென்று ஆகிவிடும்.

“நீங்களா? பெல்லட் வேணும், வேணும்னு என் உயிரை எடுத்தவரே நீங்கதானே மேஸ்திரி!”

“பழக்கதோஷம் சார். நிலக்கரி சூடேறித் தீப்பிடிக்கக் கூடாதுன்னு காலம் பூரா தண்ணி அடிச்ச கை. அதுபாட்டுக்குத் திறந்துடுச்சு.”

“நிலக்கரிக் குழாய் புதுக் கிடங்குக்கு எட்டவே எட்டாதேய்யா. இன்னொரு குழாயை மாட்டி இழுத்துட்டு வரணும். அதையும் கைதான் அதுபாட்டுக்குச் செஞ்சுதா?”

“வயசாயிடுச்சு சார்.”

“அப்போ வீட்ல போய் வயசாகுங்க. நாளையிலேருந்து வர வேண்டாம்.” என்ஜினீயர் தொப்பென்று உட்கார்ந்தார். “இனி பழையபடி வெறும் நிலக்கரிதான். நிலக்கரி கான்ட்ராக்டருக்கு இன்னிக்கு நல்ல தூக்கம் வரும்.”

சைக்கிள் நிறுத்தத்தில் மேஸ்திரியின் மைத்துனன் காத்திருந்தான். மனைவியின் தம்பி, கிடங்கில் இவருக்குக் கீழேதான் வேலை. நேற்றுத் தண்ணீரைத் திறந்தவன் அவன்தான். காலையில் மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறை: ‘நிலக்கரின்னு நினைச்சுத் திறந்துட்டேன் மாமா. கைக்குழந்தைக்காரன், காட்டிக் கொடுத்துடாதீங்க.’

“என்ன மாமா சொன்னாரு?”

“வீட்டுக்குப் போகச் சொன்னாரு. நீ உன் வேலையைப் பாரு.”

“மாமா, நீங்க தெய்வம்!”

“தெய்வமெல்லாம் வேணாம். அடுத்த சரக்குன்னு ஒண்ணு வந்தா, அதையாவது கண்ணுல வச்சுப் பாத்துக்க.”

சொல்லும்போதே இருமல் வந்துவிட்டது. நிலக்கரித் தூசியைத் தின்று தின்று நெஞ்சில் குடியேறிய இருமல். நமக்குப் பின்னால் வருகிறவனாவது ஒழுங்காக மூச்சு விடட்டும் என்றுதான் அவர் பெல்லட்டுக்காக மேலிடத்தில் அத்தனை மன்றாடியிருந்தார். புதுக் கிடங்கின் சாவியைக் கையில் கொடுத்தபோது, புது மாப்பிள்ளை மாதிரி சிரித்த மனுஷன்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில் ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“வேலை போயிடுச்சு.”

“போனாப் போகுது, விடுங்க.”

“என்ன, இவ்வளவு சுலபமாச் சொல்லிட்டே? உன் தம்பிக்காகத்தான் போச்சு. அவன் செஞ்சதுக்கு நான் தலையைக் கொடுத்துட்டு வந்திருக்கேன்.”

“அவன் மட்டும் உங்களை விட்டுடுவானா? நிலக்கரி கான்ட்ராக்டர்கிட்ட உங்களுக்கும் சேர்த்துத்தான் வேலை பேசி வச்சிருக்கான். அவனுக்கு ஒரு லாரியே தர்றாராம்.”

சொம்பு பாதி வழியில் நின்றது.

“லாரியா? இவனுக்கு எதுக்கு அவரு லாரி தரணும்?” மேஸ்திரி அவளை உற்றுப் பார்த்தார். “எனக்கு வேலை போயே ஒரு மணி நேரம்தான் ஆகுது. இவன் எப்போ போய்ப் பேசினான்?”

“முந்தாநாள்.”

“முந்தாநாளா? தண்ணி திறந்ததே நேத்துத்தானே!”

அவள் அவருடைய சட்டையை எடுத்து, காலரை நீவி, மடிப்புக் கலையாமல் அடுக்கின் மேல் வைத்தாள்.

“அவன் பயந்தான். பழியை நீங்க ஏத்துக்குவீங்கன்னு நான்தான் சொன்னேன்.”