விசில் போடாத குக்கர்

குக்கர் மூடியிலிருந்து ரப்பரைக் கழற்றினாள். விசிலையும் எடுத்து ஓரமாக வைத்தாள்.

அடியில் கல்லுப்பைக் கொட்டிப் பரப்பினாள். மேலே ஒரு தட்டு. மூடி, அடுப்பைச் சிம்மில் வைத்தாள்.

ஓவனெல்லாம் இந்த வீட்டுக்கு எங்கே வந்தது? கேக் சுட்டாலும் இப்படித்தான்.

இதில் ஒரு வசதி. குக்கர் சத்தம் போடாது. அவள் கட்டிலை விட்டு எழுந்துவிட்டாள் என்று ஹாலில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

ஆப்பிளுக்கா பஞ்சம்!

இடது மார்பை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதலாக, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆப்பிளோடுதான் வந்தார்கள். ஃபிரிட்ஜில் ஆப்பிள். டிவி மேஜையில் ஆப்பிள். கட்டிலுக்கு அடியில்கூட ஒரு பை. அவள் நன்றாக நடமாடிய காலத்தில் இதில் ஒருத்தராவது ஒரு பழம் வாங்கி வந்திருப்பார்களா?

கையில் கொடுப்பார்கள். கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பேசும்போது மட்டும் அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். மாராப்பைத்தான் பார்ப்பார்கள்.

இன்றைக்கு வந்தது வள்ளிமயில் மதினி. இவள் வீட்டுக்காரருக்கு அக்கா.

இவள் தூங்குகிறாள் என்று நினைத்து, மதினி ஹாலில் தம்பியிடம் பேசினாள். அந்தத் தொண்டைக்குக் குசுகுசுவென்று பேசத் தெரியாது.

"உன்னை நினைச்சாத்தான்டா எனக்கு ஈரக்கொலை நடுங்குது. இனிமே உனக்கு யாருடா சோறு போடுவா? எங்க கடைசி நாத்தனா புருஷனை விட்டுட்டு வந்து வீட்டுல சும்மாத்தான இருக்கா. ஒத்தாசைக்கு இங்க வந்து இருக்கட்டும். நாளப்பின்ன ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனாலும், வீட்டுக்குப் பழகுனவளா இருப்பா."

கட்டிலில் படுத்தபடியே வீட்டுக்காரரின் பதிலுக்குக் காத்திருந்தாள்.

வேண்டாம்க்கா என்பார். வாயை மூடு என்றாவது சொல்வார்.

ஃபேன் சத்தம்தான் கேட்டது.

பாவி மனுஷன்.

அப்போதுதான் எழுந்து அடுக்களைக்கு வந்தாள்.

இடது கையால் எதையும் அழுத்திப் பிடிக்க முடியவில்லை. பிடித்தால் தையல் சுரீரென்று இழுத்தது. முதல் ஆப்பிள் வழுக்கிக்கொண்டு உருண்டது.

"ஓடு, ஓடு. எங்க போயிருவ?"

பிடித்து வாயகன்ற டம்ளரில் உட்கார்த்தினாள். இப்போது அசையவில்லை. வலது கையால் கத்தியைக் குத்தி, ஸ்பூனால் நடுவைத் தோண்டி விதையை எடுத்தாள். தோண்டிய இடம் கோணலும் மாணலுமாக இருந்தது. இருக்கட்டுமே.

அந்தப் பள்ளத்தில் நாட்டுச்சர்க்கரை போட்டாள். முந்திரி, திராட்சை. பிரியாணிக்கு வாங்கிய பட்டையை இடித்து ஒரு சிட்டிகை. மேலே நெய். தாராளமாக ஊற்றினாள். யாருக்காக மிச்சம் பிடிக்க? மற்ற பழங்களையும் இப்படியே நிரப்பி, சூடேறிய குக்கருக்குள் தட்டில் வைத்து மூடினாள்.

ஹாலில் பேச்சு ஊர்க்கதைக்குப் போயிருந்தது. ஆப்பிள் தோல் சுருங்கி, வெடித்து, பாகு வழிந்து தட்டில் கொதித்தது. கொஞ்ச நேரத்தில் நெய்யும் பட்டையும் சேர்ந்து மணக்க ஆரம்பித்தது.

மதினியின் பேச்சு பாதியில் நின்றது.

"என்னடா இப்படி மணக்குது? பக்கத்து வீட்டுலயா?"

"இல்ல மதினி. என் வீட்டுலதான்."

வலது கையில் மூன்று சின்னத் தட்டு வைத்த தாம்பாளத்தோடு வந்து நின்றாள்.

"ஏத்தா, நீ எதுக்கு எந்திரிச்ச? போய்ப் படு, போ."

அவள் படுக்கவில்லை. அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். இருந்ததில் பெரியதைத் தனக்கு வைத்துக்கொண்டாள்.

"நீங்க கொண்டுவந்ததுதான் மதினி. சாப்பிடுங்க."

வீட்டுக்காரர் தலையைத் தூக்கவில்லை. முதலில் ஓரத்தைக் கிள்ளினார். பிறகு ஸ்பூன் தட்டைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

"இன்னொன்னு இருக்கா?"

மதினி சட்டென்று எழப்போனாள்.

"நீங்க உக்காருங்க மதினி."

தானும் எழவில்லை. அவரைப் பார்த்தாள்.

"குக்கர்ல இருக்கு. போய் எடுத்துக்கங்க."

அவர் அக்காவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். எழுந்து போனார்.

அடுக்களையில் எதையோ தட்டிவிடும் சத்தம். அப்புறம் குரல்.

"மூடி சுடுதே. எதை வச்சுத் திறக்க?"

"அடுப்புக்கு வலப்பக்கம் ஆணியில துணி தொங்குது பாருங்க. இடம் ஞாபகம் இருக்கட்டும். நாளைக்குச் சோறு வடிக்கையிலயும் அதைத்தான் பிடிக்கணும்."

மதினியின் தட்டில் ஆப்பிள் தொடாமல் இருந்தது.

அவள் தன் தட்டிலிருந்து அடுத்த விள்ளலை எடுத்தாள். நல்ல சூடு. ஊதி ஊதித் தின்றாள்.