சைக்கஸ் நின்ன இடம்

"ஏங்க, ஓடி வாங்க! உங்க தம்பி பொண்டாட்டிக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு!"

மூத்தவ ஜன்னல் கம்பியைப் புடிச்சுத் தொங்காத குறைதான். பக்கத்து வீட்டு வாசல்ல ஓரகத்தி கடப்பாரையோட நிக்கிறா. அவ உசுரா வளர்த்த சைக்கஸ் ரெண்டும் வேரோட மல்லாந்து கிடக்கு.

சைக்கஸ்னா சும்மாவா? குட்டிப் பனை குடை விரிச்ச மாதிரி நிக்கும். போறவன் வர்றவனெல்லாம் நின்னு போட்டோ புடிப்பான். ஒவ்வொரு போட்டோவுக்கும் மூத்தவ வயித்துல ஒரு அடுப்பு கூடும். அவ வாசல்ல நட்ட ரோசாவோ குச்சியாவே வந்து குச்சியாவே போய்ச் சேர்ந்துச்சு.

சும்மா இருந்தாளா? விடிஞ்சதும் ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிற சின்னக் கேட்டைத் திறந்து, "போடா தங்கம், நல்லாத் தோண்டிட்டு வா"ன்னு நாயை அனுப்பிருவா. பிள்ளை இல்லாத வீட்டுல அந்தக் குண்டன்தான் பிள்ளை. அம்மா சொல் தட்டாதவன்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தாரு. "இன்னிக்குத்தான் உனக்கு வயிறு குளுந்திருக்கும். போ, போய்த் துக்கம் விசாரிச்சுட்டு வா."

போனா. மூஞ்சியைச் சோகமா மாத்துறதுக்குள்ள பாதி வழி தாண்டிருச்சு.

"ஐயையோ, என்னடி இது? பட்டுப்போச்சா?"

"இல்லக்கா, நல்லாத்தான் இருந்துச்சு. நேத்து நர்சரிக்கு உரம் வாங்கப் போனேன். 'வீட்டுல நாய் இருக்கா? இதுல இலை, கொட்டை, வேரு எல்லாமே விஷம். கடிச்சா ஈரல் போயிரும்'னாங்க. ஓடி வந்து பார்த்தா, நம்ம குண்டன் வேர் வரைக்கும் தோண்டி வச்சிருக்கான். அதான் கடப்பாரையைத் தூக்கிட்டேன்!"

குண்டன் மூக்கெல்லாம் மண்ணோட வந்து வாலாட்டுறான். மூத்தவ படக்குன்னு உக்காந்து அவன் வாயைப் பிளந்து பார்த்தா.

"தின்னலக்கா. நான் அப்பவே பார்த்துட்டேன்."

"ஏன்டி... அந்த நடுக் கேட்டைப் பூட்டியிருந்தா உன் செடி தப்பிச்சிருக்குமே?"

ஓரகத்தி கையில இருந்த மண்ணைத் தட்டுனா.

"எப்படிக்கா பூட்டுறது? தினம் காலையில நீங்களே திறந்து, 'போடா தங்கம்'னு கொஞ்சி அனுப்பி வைக்கிறீங்க. என் பிள்ளைங்களோட விளையாடட்டும்னுதானே? அந்த மனசுக்கு முன்னாடி இது என்னக்கா, பெரிய செடி!"