ஆளுக்குப் பாதி

"அவன் வர மாட்டான் ஜெரோம். சும்மா வாசலையே பாத்துகினு இருக்காத."

காஜா பாய்க்குத் தம்பி மொஹ்சின் மேல் அப்படியொரு கடுப்பு. பம்மலில் ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்த ஷூ கம்பெனி. பாடுபட்டு வளர்த்தது எல்லாம் இப்போது ஒரு கம்ப்யூட்டருக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தது.

ஷூ டிசைன்களை எவனும் திருடிவிடக் கூடாதென்று, ஃபைல்களைப் பூட்டி வைக்கிற சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் வாங்கினார்கள். டிசைனர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனான், பாஸ்வேர்டும் அவனோடு போச்சு. மிச்சம் இருப்பது முதலாளிகளின் ரெகவரி பாஸ்வேர்ட் ஒன்றுதான். அதில் அண்ணனுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. ஒருத்தர் பாதி இன்னொருத்தருக்குத் தெரியாது. எங்கேயும் எழுதி வைக்கக் கூடாதென்று காஜா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நல்ல கண்டிப்பு, போங்கள்.

"நீங்களே திறந்து குடுக்க முடியாதாப்பா?" என்றாள் காஜாவின் மனைவி மெஹர் பானு.

"முடியாதுக்கா. எங்களால முடிஞ்சா அது பூட்டே இல்ல," என்றான் சாஃப்ட்வேரை விற்ற ஜெரோம். "ரெண்டு பாதியும் வேணும். பாய், உங்க பாதியையாவது போடுங்களேன்."

"நான் மூத்தவன். அவன் போடட்டும் முதல்ல."

"இந்த வாரம் சாம்பிள் போகலைன்னா ஆர்டர் கேன்சல்ங்க. கம்பெனியை மூட வேண்டியதுதான். வேலை செய்யுறவங்க எல்லாம் எங்க போவாங்க?" என்றாள் மெஹர் பானு.

"அதை அவன்கிட்ட போய்க் கேளு. நான் நாசமாப் போகணும்னே இருக்கான்."

அவள் அழுது அழுது ஓய்ந்துபோயிருந்தாள்.

கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். ஜெரோம் எழுந்து நாற்காலியைக் கொடுத்தான். அவர் உட்கார்ந்து கீபோர்டில் என்னவோ தட்டினார். ஜெரோம் திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

காஜாவுக்கு ஆறவில்லை. வந்தவரிடமே ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, நீங்களே சொல்லுங்க. கூடப் பொறந்தவன் பண்ற வேலையா இது? ஒரு வாட்டி வந்து அவன் பாதியைப் போட்டுட்டுப் போனா என்ன, குறைஞ்சா போயிடுவான்?"

சட்டைக்காரர் காஜாவின் முகத்தையே பார்த்தார். பிறகு மெஹர் பானுவின் பக்கம் திரும்பினார்.

"இன்னிக்கும் அண்ணனுக்கு என்னை அடையாளம் தெரியலை, அண்ணி. அவர் பாதி மட்டும் எப்படி ஞாபகம் வரும்? நாளைக்கும் வந்து என் பாதியைப் போடுறேன்," என்று சொல்லிவிட்டு எழுந்தார் மொஹ்சின்.