நாடி நல்லா இருக்கு

புதிதாக வந்த நர்ஸைக் கண்டதுமே நோயாளியின் மனைவிக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

நர்ஸ் நோயாளியின் மணிக்கட்டை இரண்டு விரலால் தொட்டாள். கண் என்னவோ ஜன்னல் பக்கம் இருந்தது. "நாடி நல்லா இருக்கு" என்று சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்.

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கேட்டீங்களா? வாய் கூசாம புளுகுறா!"

"சின்னப் பொண்ணு. வம்பு பண்ணாம விடேன்" என்றான் கணவன்.

"இன்னிக்கு நாடியில புளுகுறவ நாளைக்கு மருந்துல புளுக மாட்டாளா?"

டாக்டர் உள்ளே வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர், இந்தப் பொண்ணு நாடி பாக்காமலே பாத்தேன்னு சொல்லுது."

"பாத்தேன் டாக்டர்!" நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பொய்! இவருக்குத்தான் நாடியே கிடையாதே! நெஞ்சுல வெச்ச பம்பு ஓயாம ரத்தத்தைத் தள்ளுது, இதய வால்வு மூடியே கிடக்கு, அதனால கையில துடிப்பு தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நானும் தினம் தொட்டுப் பாத்துப் பாத்து, போன வாரம்தான் விட்டேன்."

டாக்டர் கணவனின் மணிக்கட்டைப் பிடித்தார். வெகுநேரம் விடவே இல்லை.

"பொய் இல்லம்மா" என்றார் கடைசியில். "வால்வு திறக்கட்டும்னுதான் பம்போட வேகத்தைக் குறைச்சு வெச்சோம். திறந்துடுச்சு. இதயத் தசை தேறி, தானா ரத்தத்தைத் தள்ள ஆரம்பிச்சிருக்கு."

மனைவி நர்ஸின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"எந்த இடத்துலம்மா தொட்டே? எனக்கும் காட்டேன்."